பொய் சொன்ன மீட்டர்

அந்தக் குச்சியைக் கீழ வைங்க பாய். பிளக்கைப் புடுங்கித் தரையில போட்டிருக்கறேன், நீங்களே பாத்தீங்க. அப்பறம் எதுக்கு எர்த்துக் குச்சியால அங்க ஒரு தட்டு இங்க ஒரு தட்டுன்னு தட்டிக்கிட்டு? அதெல்லாம் அருளானந்தம் ஊருக்குப் பழக்கி விட்டது. பிளக்கைப் புடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல கரண்டு தங்கியிருக்கும், குச்சியால இறக்காம கை வெக்காதீங்கன்னு பாக்கறவியகிட்டயெல்லாம் ஓதிக்கிட்டுத் திரிவான். சரி, தட்டுங்க. வீட்டுக்கு வந்தவிய, உங்க திருப்தியை நான் ஏன் கெடுக்கறேன்.

பொறி வந்துதா? வரும் வரும். அது ஒண்ணுமில்லீங்க.

ஏ சாந்தாமணி, பாய்க்குக் காப்பி கொண்டா! சக்கரை போடலாமில்லீங்க? போடச் சொல்றேன். நான் நேராச் சொன்னாக் கேக்க மாட்டா, அவகூட நான் பேசறதில்லை. இப்படிப் பொதுவாக் கத்தினாத்தான் உண்டு.

நாகப்பட்டினத்துல இருந்து திருப்பூருக்குக் கல்யாணத்துக்கு வந்தவிய, மெனக்கெட்டு பஸ் புடிச்சுப் பல்லடம் வந்து என்ற வாசல்ல நிக்கறீங்கன்னா, அது பெரிய மனசு. உங்களை எதுக்குக் கூப்பிட்டேன் தெரியுமா? நம்ம ஹாம் ரேடியோ பேண்டுல தெனமும் பேசறவிய எத்தனை பேரு! அத்தனை பேர்லயும் எங்கிட்ட நெஜத்தைச் சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். அதனால இந்த வேலையை உங்க கையாலதான் செய்யணும்னு இருந்தேன்.

வேலை பெருசில்லீங்க. இந்தப் பெட்டிக்குள்ள டிரான்ஸ்பார்மர்ல, வோல்ட்டு கம்மியாத் தர்ற கீழ் டேப்புல மாட்டியிருக்கற ஒயரை எடுத்து மேல் டேப்புல மாட்டணும். மஞ்சள் ஸ்லீவு போட்டது மேல் டேப்பு. மீட்டருக்குப் பொறத்தால அந்த அருளானந்தம் திருட்டுத்தனமா மாத்தி வெச்ச ரெசிஸ்டரைக் கழட்டிட்டு, சரியானதைப் போடணும். புதுசு வாங்கி அந்த டப்பாவுல வெச்சிருக்கறேன். அப்பறம் அந்தப் பீங்கான் ரெசிஸ்டரு. விரல் தண்டி இருக்குதுல்ல, வால்வுக்குப் போற வழியில காவல்காரனாட்டம் நிக்குதே, அதுதான். அதைத் தூக்கி எறிஞ்சுட்டு நேரா ஒயர் போட்டுருங்க. நானே செஞ்சுருப்பேன். கண்ணு பத்த மாட்டேங்குது. வலது கையில ரெண்டு விரல் மடங்க மாட்டேங்குது. அது வேற கதை, சொல்றேன்.

இந்த டிரான்ஸ்பார்மர் நான் சுத்தினதுங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல வையாபுரி ரீவைண்டிங்னா தெரியாத விவசாயி கிடையாது. கெணத்து மோட்டாரு, தறி மோட்டாரு, எது பொகைஞ்சாலும் என்ற கடைக்குத்தான் வரும். ஒரு மழைக்காலம் முச்சூடும் உக்காந்து என்ற கையால சுத்தினேன். ரேடியோவுல இருந்து வர்ற சோப்ளாங்கிக் குரலை வாங்கி, வால்வுல ஏத்தி, கர்ஜனையா ஆன்டெனாவுக்கு அனுப்புது பாருங்க, அந்தக் கர்ஜனைக்கு இதுதான் சோறு போடறது. ரெண்டாயிரத்து எண்ணூறு வோல்ட்டு! நம்ம லீனியரை, இந்தப் பெட்டியைத்தான், பாத்துட்டு கோயமுத்தூர்க்காரனுக வாயைப் பொளந்தானுக.

அருளானந்தம் அப்பவே ஆரம்பிச்சுட்டான். யாருன்னு உங்களுக்குத் தெரியும், தெனமும் சாயந்தரம் நாம எல்லாரும் ரேடியோவுல கூடற நெட்டை நடத்தறானே அவன்தான். மில்லுல எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவன். அவனும் நானும் ஒண்ணா மோர்ஸ் படிச்சு ஒண்ணா ரேடியோ லைசென்சுப் பரிச்சை எழுதினோம். எம் பொண்ணு கல்யாணச் சீருக்கு அவன் வந்து பந்தி பாத்தான். அவன் சம்சாரம் தவறினப்ப நான்தான் பக்கத்துல நின்னேன். அப்படியாப்பட்டவன்.

"வையாபுரி, வால்வுக்குள்ள என்னைக்காவது ஒரு நாள் பொறி தாவும். எந்த வால்வா இருந்தாலும் தாவும். அந்த நேரம் கெப்பாசிட்டர்ல இருக்கற மொத்தக் கரண்டும் ஒரே மூச்சுல பாயும். நடுவுல ஒரு ரெசிஸ்டர் இருந்தா அது அடியை வாங்கிக்கும். ஒரு ஃபியூஸ் இருந்தா அது செத்து வால்வைக் காப்பாத்தும். மூடியில ஒரு சுவிட்சு வை, தெறந்தாத் தானா ஆஃப் ஆகட்டும்"னான். சரி, நண்பன் சொல்றானேன்னு எல்லாத்தையும் வெச்சேன். நான் கேக்காத ஆளில்லை பாய். எடுத்துச் சொன்னாக் கேப்பேன்.

ஆனா அந்த ஃபியூஸ் இருக்குதே, கெரகம் புடிச்சது. நல்லா ஒரு வெளிநாட்டுக்காரனைப் புடிச்சுப் பேசிக்கிட்டு இருக்கறப்ப டப்புன்னு போயிரும். மாத்தினா மறுபடியும் போயிரும். பாத்தேன். செம்புக் கம்பி போட்டுட்டேன். எத்தனை மோட்டாருக்குப் போட்டிருக்கறேன்! அப்பறம் எந்தத் தொந்தரவும் இல்லை. அந்தப் பீங்கான் ரெசிஸ்டரு சும்மா நின்னுக்கிட்டு என்ற பவரைத் தின்னுதுன்னு அதையும் எடுத்துட்டேன். கெப்பாசிட்டரை இறக்கறதுக்குன்னு கொஞ்சம் ரெசிஸ்டர் போட வெச்சிருந்தான், அது சூடாகிக் கெடந்துச்சு, அதையும் கழட்டினேன். மூடி சுவிட்சு? மூடியைத் தெறந்து வெச்சுட்டு வால்வு எரியற செவப்பைப் பாத்துக்கிட்டே பேசறது எனக்குப் புடிக்கும். அதனால டேப்பு சுத்திட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. என்ற பெட்டி, என்ற வீடு.

ம்... எதுக்குச் சிரிக்கறீங்க? சிரிக்கலையா? சரி.

புயல் வந்த வருசம், புரட்டாசிக்கு முன்னால, ஒரு நாள் பேசிக்கிட்டு இருக்கறப்ப வெடிச்சுது. துப்பாக்கி சுட்ட மாதிரி. வால்வு போச்சு, மீட்டர் கண்ணாடி தெறிச்சுது, பெட்டிக்குள்ள ஒரே கரி. நான் பதறலை. சுவிட்சை ஆஃப் பண்ணினேன், பிளக்கைப் புடுங்கினேன், என்ன ஆச்சுன்னு கையை உள்ள விட்டேன். கொஞ்சம் தூக்கிப் போட்டுருச்சு.

அவ்வளவுதான் பாய். கொஞ்சம் தூக்கிப் போட்டுச்சு. ஆஸ்பத்திரியில சும்மா ஓய்வுக்குப் படுக்க வெச்சிருந்தாங்க. நெஞ்சு நின்னு போச்சு, அருளானந்தம் அண்ணன் ஓடியாந்து நெஞ்சை அமுக்கலீன்னா ஆளு இல்லைன்னு சாந்தாமணி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. பொம்பளைகளுக்கு எதையும் பெருசு பண்ணித்தான் பழக்கம். எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை. ஞாபகமில்லாததை எப்படி நடந்ததுன்னு நான் ஒத்துக்கறது?

காப்பியைக் குடிங்க, ஆறுது.

நான் ஆஸ்பத்திரியில இருந்து வர்றப்பப் பெட்டியைக் காணோம். "நான் எடுத்துட்டுப் போயிருக்கறேன். ரிப்பேர் பண்ணித் தாரேன், நீ படு"ங்கறான் அருளானந்தம். வாட் மீட்டரையும் சரி பாக்கறேன்னு தூக்கிட்டுப் போயிட்டான். எனக்கு அன்னிக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒறம்பரைக்காரனுக கூட எட்டிப் பாக்கலை, இவன் என்னோட பெட்டியை மடியில வெச்சுப் பாக்கறானேன்னு.

கொண்டாந்து வெச்சான். புது வால்வு, புது மீட்டரு. சுவிட்சைப் போட்டா முள்ளு ஏறி ரெண்டாயிரத்து எண்ணூறுல நிக்குது. "இந்தா பாரு, உன் பழைய பவரு. ஒண்ணே ஒண்ணு, மூடியை சீல் வெச்சிருக்கறேன். தெறந்தீன்னா நான் பொறுப்பில்லை"னான். முன்னெல்லாம் சுவிட்சைப் போட்டாலே ஹால்ல லைட்டு மங்கும், இப்ப மங்கலையேன்னு கேட்டேன். கொஞ்சம் கூட யோசிக்கலை. "இப்ப டிசைன் சுத்தமா இருக்குது, அதனாலதான்"னான். நம்பினேன் பாய். எத்தனை வருசம் மோட்டார் சுத்தினவன் நான், அதையும் நம்பினேன்.

அன்னிக்குச் சாயந்தரம் நெட்டுல வந்தேன். "எப்படிக் கேக்குது"ன்னேன். சேலத்துக்காரன் சொல்றான், "அண்ணா, ஃபைவ் நைன் பிளஸ், காது கிழியுது." நம்ம கணக்குல அதுக்கு மேல மார்க்கு கெடையாது. மதுரைக்காரன் சொல்றான், "ஸ்பீக்கரைக் கொறைச்சு வெச்சேன்." திருச்சியில நம்ம ரங்கநாயகி டீச்சர், அவங்க பொய்யே பேச மாட்டாங்கன்னு நெனைச்சிருந்தேன், "பழைய வையாபுரி சார் வந்துட்டாரு"ன்னாங்க. எனக்கு மறுபடியும் உசுரு வந்த மாதிரி இருந்துச்சு. ஒரு நாள் தவறாம வந்து உக்காந்தேன். வாய்ஸ் எட்டாதவனுக்கெல்லாம் "இருங்க, உங்க சேதியை வாங்கி நான் ரிலே பண்றேன்"னு முன்னால போயி நின்னேன். அவனுகளும் "தேங்க்யூ அண்ணா, உங்களாலதான்"னு சொல்லிக்கிட்டே இருந்தானுக.

அப்பறம் அந்த ஐப்பசிப் புயலு. உங்களுக்குச் சொல்லணுமா? நீங்க அங்க போனும் இல்லாம கரண்டும் இல்லாம, கார் பேட்டரியில ரேடியோவை ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நான் இங்க தொண்டை கட்டற வரைக்கும் கத்தறேன். எந்த முகாமுக்கு அரிசி வருது, எந்தப் பாலம் மூழ்கியிருக்குது, எந்தப் புள்ளைக்கு மருந்து வேணும்... ஒவ்வொண்ணுக்கும் "ரோஜர், நாகப்பட்டினம் வாங்கிருச்சு"ன்னு அருளானந்தம் சொல்றான். சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்தேன் பாய். அந்தப் புள்ளைக்கு மருந்து போய்ச் சேந்துருச்சுன்னு சேதி வந்தப்ப நான் அழுதுட்டேன். கோயமுத்தூர்ல கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போத்தினானுக. நான் மைக்கைப் புடிச்சு என்ற டிரான்ஸ்பார்மரைப் பத்தி அரை மணி நேரம் பேசினேன். எல்லாரும் கை தட்டினானுக. எல்லாரும்!

அதுக்கு அப்பறந்தான் நீங்க ஒரு நாள் பேண்டுல கெடைச்சீங்க. "புயல்ல நம்ம ரெண்டு பேரும் நல்லாப் பேசினோம்"னு பெருமையாச் சொல்றேன். நீங்க என்ன சொன்னீங்க? "மன்னிச்சுக்கங்க அண்ணே, உங்களை நான் ஒரு வார்த்தைகூடக் கேக்கலையே. இரைச்சல்ல அருளானந்தம் சார் ஒருத்தரைத்தான் கேட்டேன். அவருதான் எல்லாத்தையும் சொன்னாரு." நான் ஒண்ணொண்ணாச் சொல்ல, அவன் பொறத்தாலயே நின்னு ஒவ்வொண்ணையும் திருப்பிச் சொல்லியிருக்கறான். எனக்கு "ரோஜர்" போட்டது அவன், நாகப்பட்டினம் இல்லை.

சீலை உடைச்சேன். நான் சுத்தின டிரான்ஸ்பார்மரு, எனக்குத் தெரியாதா? மஞ்சள் ஸ்லீவு அனாதையாத் தொங்கிக்கிட்டு இருக்குது. ஒயரு கீழ் டேப்புல உக்காந்திருக்குது. நான் எடுத்துப் போட்ட பீங்கான் ரெசிஸ்டரு மறுபடியும் வந்து நிக்குது. அளந்தேன். எழுநூறு வோல்ட்டு. வெறும் எழுநூறு! மீட்டர் முள்ளு மட்டும் ரெண்டாயிரத்து எண்ணூறுன்னு என்ற மூஞ்சியைப் பாத்து நிக்குது. மனுசன் பொய் பேசுவான், அது மனுசன் பொறவி. மீட்டரைப் பொய் சொல்ல வெக்கலாமா பாய்? ஒரு இன்ஜினியர் செய்யற காரியமா அது? எவன் வேணா என்னைத் திட்டியிருக்கலாம், பெட்டியை ஒடைச்சே போட்டிருக்கலாம். முள்ளை மாத்தி வெச்சான் பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை.

போனைப் போட்டேன். "ஏண்டா இப்படிப் பண்ணினே?"

"நீ லீனியர் இல்லாம இருக்க மாட்டே. முழு வோல்ட்டேஜ் குடுத்தா நீ இருக்கவே மாட்டே. வேற என்ன பண்ணச் சொல்றே?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"எத்தனை வருசமாச் சொல்றேன் வையாபுரி!"

பேச்சைப் பாருங்க. நான் எடுத்துச் சொன்னாக் கேக்காத ஆளாட்டம். சேலத்துக்காரனுக்குத் தெரியும், மதுரைக்காரனுக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும். நெட்டு மொத்தமும் கூடிப் பேசி வெச்சு எனக்கு ரிப்போர்ட் குடுத்திருக்குது. கொழந்தைப் புள்ளைக்கு மரப்பாச்சி குடுத்து ஏமாத்தற மாதிரி. போயிட்டுப் போவுது, அவிய ஊரானுக. இந்த வீட்டுக்குள்ள இருக்கறவளுக்கும் தெரியும். "நான்தான் அண்ணன்கிட்டக் கேட்டேன்"னு என்ற மூஞ்சிக்கு நேரா சொல்றா. துளிக்கூடக் கூசலை. அன்னில இருந்து நான் அவகூடப் பேசறதில்லை. போடற சோத்தைத் திங்கறேன், அதோட சரி. நெட்டுப் பக்கமும் போறதில்லை. தெனமும் சாயந்தரம் என்ற பேரைக் கூப்பிடறான், நான் கேட்டுக்கிட்டு கம்முனு உக்காந்திருக்கறேன்.

இன்னிக்குப் பதில் சொல்லலாம்னு இருக்கறேன். முழுப் பவர்ல. ஒரே ஒரு தடவை அவனுக காது நெஜமாலுமே கிழியணும். அப்பறம் இந்தப் பெட்டியை வித்தாலும் விப்பேன். எனக்கு ஆசை தீரணும். அவ்வளவுதான்.

முடிஞ்சுதுங்களா? அதுக்குள்ளயா? கை சுத்தம் பாய் உங்களுக்கு. மூடியும் போட்டுட்டீங்க. சரி, நல்ல நேரத்துல முடிச்சீங்க, நெட்டு ஆரம்பிக்கப் போவுது. பிளக்கை மாட்டுங்க. போடறேன் பாருங்க... ஏறுது, ஏறுது... ரெண்டாயிரத்து எண்ணூறு! இது நெஜ ரெண்டாயிரத்து எண்ணூறு! ஏ சாந்தாமணி, வந்து பாரு! நீ வெச்ச பூட்டைப் பாய் ஒடைச்சுட்டாரு.

சித்த இருங்க, கழட்டினதைக் குடுங்க. அந்தப் பீங்கான் ரெசிஸ்டரை. எங்க கடை மொறை அதுதான், கழட்டின பார்ட்டை உடமைக்காரன் கையில குடுத்துருவோம். வேலை செஞ்சதுக்கு அதுதான் சாட்சி. குடுங்க, சாக்கடையில வீசிட்டு வந்து உக்காந்துக்கறேன்.

என்னங்க? எங்க வெச்சீங்க? பாக்கெட்டுலயா?

டப்பாவுல நான் வெச்ச புது ரெசிஸ்டர் அப்படியே கெடக்குதே பாய்.

ஹால்ல லைட்டும் மங்கலை.

நீங்களுமா? இத்தனை நேரம் உள்ள கையை விட்டுக்கிட்டு என்னதான் பண்ணினீங்க? என்ற கதையைக் கேட்டுக்கிட்டு சும்மா ஸ்குருவைத் திருகிக்கிட்டு இருந்தீங்களா? நெஜம் பேசற ஆளுன்னு கூப்பிட்டேனே உங்களை! அவளை ஏன் பாக்கறீங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க. எதையும் மாத்த வேண்டாம்னு அவ கேட்டாளா? எப்பக் கேட்டா? நீங்க வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ளயேவா?

ஏன் சாந்தாமணி, உனக்கு நான் உசுரோட கெடந்தாப் போதும், மானம் மருவாதி எதுவும் வேண்டாம், அப்படித்தானே?

"ஆமாங்க. போதும்"ங்கறா. கேட்டுக்குங்க பாய். இத்தனை நாள் கழிச்சு மொத மொதல்ல அவகிட்ட நேராப் பேசறேன், என்ன பதில் சொல்றா பாருங்க. சமாளிக்கக்கூட இல்லை.

விடுங்க. கையை விடுங்க, நான் அழுவலை. சத்தத்தைக் கொறைங்க, ரேடியோவுல அவன் வந்துட்டான். என்ற கால் சைனைக் கூப்பிடறான் பாருங்க. தெனமும் இதே நேரம், இதே மாதிரி ரெண்டு தடவை. "பல்லடம், பல்லடம், வையாபுரி இருக்கியா?" நான் பேச மாட்டேன். எழுநூறு வோல்ட்டுல என்னத்தைப் பேசறது.

ஏய். ஏய்! மைக்கைக் கீழ வை! உனக்கு லைசென்ஸ் இல்லை, தொடக்கூடாது, சட்டத்துக்கு விரோதம்! பாய், சொல்லுங்க அவகிட்ட...

"அண்ணா, நான் சாந்தாமணி பேசறேங்க. அவரு இங்கதான் இருக்காருங்க. கோவமா இருக்காரு. நல்லா இருக்காருங்கண்ணா."

...

கேக்குதா? "கேக்குதும்மா, நல்லாக் கேக்குது, ஃபைவ் நைன்"ங்கறான். இந்தா சேலத்துக்காரன், "ஃபைவ் நைன் அக்கா." டீச்சரு. மதுரை. ஒருத்தர் மேல ஒருத்தரு ஏறிக்கிட்டு வர்றானுக. ஃபைவ் நைனாம், அதுவும் பிளஸ்ஸாம்.

அவ சிரிக்கறா பாருங்க. கையில மைக்கை வெச்சுக்கிட்டு சின்னப் புள்ளையாட்டம்.

பாய், நெஜமாலுமே இவ பேசறது அவியளுக்குக் கேக்குதா, இல்லை இதுவும் பேசி வெச்சதா? வேண்டாம், நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். உக்காருங்க, சோறு ஆயிருக்கும், தின்னுட்டுப் போலாம்.